முயல் பையில் கார் சாவி

குருவானவர் ரோவீனா அவசரமே இல்லை என்று மறுபடியும் சொன்னபோதுதான் எட்மண்டுக்கு விஷயம் அவசரம் என்று புரிந்தது.

கையில் எலுமிச்சை கேக்கோடு வாசலில் நின்றாள். மழையைப் பற்றிப் பேசினாள். அவரைக்கொடி இந்த வருடம் ஏறவே மாட்டேன் என்கிறது என்றாள். பிறகு, ஏதோ வழியில் ஞாபகம் வந்ததுபோல, சனிக்கிழமை கோடை விழா என்றாள். தேநீர்க் கூடாரம் எப்போதும் கல்லறைத் தோட்டத்துச் சுவரையொட்டி, குழாய்க்குப் பக்கத்தில்தான் போடுவது வழக்கம். அந்த இடத்தில்தான் பிரையனியின் நீலக் கார் நிற்கிறது. கூடாரத்தை வேறு பக்கம் போட்டுக்கொள்ளலாம், ஒரு சிரமமும் இல்லை. முன்பு ஒருமுறை அப்படி மாற்றிப் போட்டார்களாம். யார் மாற்றியது என்பதை லிட்டில் ஸ்டோவ்லி கிராமத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

எட்மண்ட் காரை எடுத்துவிடுகிறேன் என்றான். கேக்கை வாங்கிக்கொண்டான். கதவைச் சாத்தினான்.

அவன் மனைவி பிரையனி மே மாத ஆரம்பத்தில் இறந்துபோனாள். வியாழக்கிழமை தோறும் கோயில் மணி அடித்துப் பழகும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அன்று மணிக்கோபுரத்தின் சுழல்படியில் பாதி ஏறியவள் உட்கார்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வயது முப்பத்தொன்று. ஆம்புலன்ஸ் வந்து அவளைக் கொண்டுபோனது. கார் அங்கேயே நின்றது. கோயிலுக்குப் பின்னால் புதிதாகச் சேர்த்த நிலத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். காரிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும்.

அதற்குப் பிறகு எட்மண்ட் வேலைக்குப் போனான், வந்தான், டப்பா அவரையைச் சூடாக்கி ரொட்டிமேல் கொட்டித் தின்றான். நன்றாகத் தாங்கிக்கொள்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் எதையும் தாங்கவில்லை. தாங்குவதற்கு எதுவும் கைக்கு வந்து சேரவில்லை.

அன்று மாலை சாவியைத் தேடினான். சாவி என்றால் திருகுவதற்கு ஒன்றுமில்லாத, சோப்புத் துண்டு மாதிரியான வகை. சட்டைப் பையில் இருந்தால் போதும், வண்டி அதைத் தெரிந்துகொண்டு கதவைத் திறக்கும். வாங்கும்போது இரண்டு கொடுத்தார்கள். ஒன்று பிரையனி நண்டு பிடிக்கப் போனபோது கடலில் விழுந்தது. மற்றதை வீடு முழுக்கத் தேடியும் காணோம். கடைசியில் மாமியார் லினெட்டுக்குப் போன் போட்டான்.

“கோட்டுல பாத்தியாப்பா?” என்றாள் லினெட்.

“எந்தக் கோட்டு?”

“அவ கோட்டுதான். அந்த மெழுகுக் கோட்டு.”

எட்மண்ட் திறந்து வைத்திருந்த இழுப்பறையைச் சாத்தினான்.

மெழுகு பூசிய பச்சைக் கோட்டு அது. மழையோ வெயிலோ பிரையனி அதை உரித்ததில்லை. நாய் வாடை அடிக்கும். அதைப் போட்டே அவளை அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டவள் லினெட்தான். ஆஸ்பத்திரியில் கோட்டைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பை அப்படியே சவப்பெட்டிக்காரரிடம் போனது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, கோட்டின் பைகளில் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். தெரியாது என்றான் எட்மண்ட். அப்படியானால் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் அவர், நிம்மதியாக. இன்னொருவர் சட்டைப்பையில் கைவிடுவது அந்த ஊரில் யாரும் செய்கிற காரியமில்லை. புருஷனும் செய்வதில்லை. அம்மாவும் செய்யவில்லை.

“மேல் பையில எல்லாம் போடமாட்டா,” என்றாள் லினெட், மெதுவாக. “உள்ள, முதுகுப் பக்கம், வேட்டையில சுட்ட முயலப் போட ஒரு பை இருக்குமே, அதுக்குள்ளதான் அவ எல்லாத்தையும் போடுவா. நாய் பிஸ்கட் உட்பட.”

மறுநாள் கோயில் பக்கம் போய், பொதுவாகக் கேட்பதுபோல் ரோவீனாவைக் கேட்டான். புதைத்ததை மறுபடி தோண்ட என்ன வழி? கோயில் மண் திருச்சபை நீதிமன்றத்தின் பொறுப்பு என்றாள் அவள். மனுப் போட வேண்டும், தகுந்த காரணம் காட்ட வேண்டும், கடைசியாகப் போட்டவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, அதுவும் தள்ளுபடி. எதற்குக் கேட்கிறான் என்று விசாரித்தாள். சும்மா என்றான். அவள் அவன் தோளைத் தொட்டு, துக்கத்தில் இருப்பவர்களுக்கான துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையில் வைத்தாள்.

பக்கத்து நகரமான சட்பரியில் கார் சாவி செய்கிறவரோ, ஒரு மணி நேர வேலைதான், வண்டிப் பதிவுப் புத்தகத்தைக் காட்டினால் போதும் என்றார். பதிவுப் புத்தகம் காருக்குள் இருந்தது.

ஆக, விவகாரம் பிரையனியின் அண்ணன் லாயிடிடம் வந்து சேர்ந்தது. லாயிட் நொறுங்கிய வண்டிகளை ஏலத்தில் எடுத்துப் பிரித்து விற்பவன். இழுவை லாரி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போகிறேன், பத்து நிமிட வேலை என்றான். எட்மண்ட் வேண்டாம் என்றான். கண்ணாடியை உடைத்துப் புத்தகத்தை எடுக்கலாம் என்றான் லாயிட். அதுவும் வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டதற்கு, அது நல்ல கண்ணாடி என்றான்.

“அப்ப என்னதான் பண்ணச் சொல்ற மாப்ளே?”

“ஓட்டிட்டுதான் போகணும்.”

படுக்கவைத்து, கட்டி, பின்கதவைச் சாத்திக் கொண்டுபோவதை அந்த இடத்தில் அவன் ஒருமுறை பார்த்திருந்தான். இன்னொரு முறை பார்க்க முடியாது. இதை அவன் சொல்லவில்லை. லாயிடும் அன்று மணிக்கோபுரத்தடியில் நின்றவன்தான். மேலே கேட்கவில்லை. கொட்டகைக்குள் போய், எண்ணெய் படிந்த துணி மூட்டை ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் அவிழ்த்தான்.

இரண்டு பெட்டிகள். ஒன்றில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கம்பி வளையம். ஏலத்தில் எடுத்த வண்டி ஒன்றில், மாற்றுச் சக்கரத்துக்கு அடியில் கிடந்ததாம். சாவி முணுமுணுப்பாகத்தான் பேசும், கை நீட்டும் தூரத்துக்குமேல் கேட்காது. வளையம் அந்த முணுமுணுப்பைப் பிடித்து அனுப்ப, கார் பக்கத்தில் இருக்கும் பெட்டி அதையே உரக்கச் சொல்லும். சாவி தன் பக்கத்தில் இருப்பதாக நம்பிக் கார் திறந்துகொள்ளும். வீட்டுக் கதவோரம் ஒருவன், காரோரம் ஒருவன் நின்று, உள்ளே வீட்டுக்காரர் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிப் போவதற்காகச் செய்த கருவி.

இந்த வசந்தத்திலிருந்து அதைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஐந்து வருடம் வரை உள்ளே தள்ளலாம். திருடினாயா என்று போலீஸ் நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமான காரணத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்று வைத்திருந்தவன்தான் காட்ட வேண்டும். எட்மண்டுக்கு இது மனப்பாடம். உள்ளூர் நீதிமன்றத்தில் சம்பளமில்லாத நடுவர்கள் மேலே உட்கார்ந்திருக்க, அவர்களுக்குக் கீழே உட்கார்ந்து சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்வதுதான் அவன் வேலை. பிடிபட்டால் அந்த நாற்காலி போய்விடும். போதாததற்கு, ரோவீனா கேட்டாளென்று ஏப்ரலில் சபைப் பத்திரிகைக்கு இதைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தான்.

“இது வீட்ல இருந்தாலே குத்தம்,” என்றான் லாயிட். “நீதான் எழுதியிருந்த.”

“தெரிஞ்சுமா வச்சிருந்த?”

“நீ எழுதினதப் படிச்சப்பதான் இது என்னன்னே தெரிஞ்சுது. அதுவரைக்கும் ரேடியோன்னு நெனச்சிருந்தேன்.”

எட்மண்ட் வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். இப்போது தானும் குற்றவாளி என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனை ஒன்றும் செய்யவில்லை. சரி என்றான்.

இருட்டிய பிறகு போகலாம் என்றதற்கு லாயிட் ஒத்துக்கொள்ளவில்லை. “ராத்திரி கல்லறைக்குப் போறவன் திருடன். நாலு மணிக்குப் போறவன் துக்கத்துல இருக்கறவன். நீ நெஜமாவே துக்கத்துல இருக்க. எவ்வளவு வசதி பாரு.” கம்பி வளையத்தைச் சுற்றி ஐவிக் கொடியை முடைந்து, நடுவில் அதன் பெட்டி தெரியாதபடி வெள்ளைப் பூ வைத்து, அழகான மலர்வளையமாக்கினான். இதெல்லாம் உனக்கு எப்படி வரும் என்று எட்மண்ட் பார்த்தபோது, யாரிடமும் சொல்லாதே என்றான். மற்ற பெட்டி ரோவீனாவின் கேக் வந்த டப்பாவுக்குள் கச்சிதமாகப் பொருந்தியது.

புதன்கிழமை நாலு மணிக்குப் போனார்கள். நல்ல வெயில். மண் அமராததால் பிரையனிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மரச் சிலுவை மட்டும். எட்மண்ட் மலர்வளையத்தை அவள்மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சுவருக்கு அந்தப் பக்கம் லாயிட் கேக் டப்பாவை அணைத்தபடி காரையொட்டி நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசவில்லை.

காரின் பக்கக் கண்ணாடிகள் இரண்டும், தூக்கத்திலிருந்து எழுந்த நாயின் காதுகள் மாதிரி, விரிந்தன. விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

லாயிட் உள்ளே கைவிட்டு பொத்தானை அழுத்தினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் நிறுத்துகிறவரை சாவியைக் கேட்காது. எட்மண்ட் வளையத்தை எடுத்துக்கொண்டு வந்து காருக்குள் உட்கார்ந்தான். நாய் வாடை அடித்தது. பிரையனி குள்ளம், இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருந்தாள். அவன் முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன. சீட்டைத் தள்ளிக்கொள் என்றான் லாயிட். எட்மண்ட் தள்ளவில்லை.

அப்போது முன்பலகையில் மஞ்சள் எழுத்து எரிந்தது. ‘சாவியின் பேட்டரி தீரப்போகிறது. மாற்றவும்.’

லாயிட் அதைப் படித்தான். திரும்பிக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தான். மறுபடி அதைப் படித்தான்.

“யாரு மாத்துறது?” என்றான்.

எட்மண்டின் தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தான். சிரிப்பு. அந்த எச்சரிக்கை ஜனவரியிலிருந்தே வந்துகொண்டிருந்தது, அவன் சொல்லச் சொல்ல அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பலகைக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தான். பதிவுப் புத்தகம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கியரில் கைவைத்தான்.

கோயில் வாசலை அடைத்துக்கொண்டு போலீஸ் கார் நின்றது.

கான்ஸ்டபிள் ஹேசல் ஒன்பது கிராமங்களுக்கு ஒருத்தி. ஆடு காணாமல் போனால்தான் வழக்கமாக இந்தப் பக்கம் வருவாள். எதிர்வீட்டு பார்ஜெட்டர் அம்மாள் அவளைக் கூப்பிட்டிருந்தாள். சபைப் பத்திரிகையில் எட்மண்ட் எழுதிய பக்கத்தை அந்த அம்மாள் ஜன்னலோரம் ஒட்டி வைத்திருந்தாள். அதில் இருந்தது இதுதான்: இரண்டு ஆண்கள் இருப்பார்கள், ஒருவன் காரோரம் பெட்டியோடு, ஒருவன் தள்ளி நிற்பான், பார்த்துக்கொள்வார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தாளாம். ஆள் யாரென்று தூரத்தில் தெரியவில்லை.

“எட்மண்ட்,” என்றாள் ஹேசல். அவன்தான் என்பதில் அவளுக்கு வருத்தம். “எஞ்சின நிறுத்துங்க.”

“நிறுத்தினா திரும்பக் கிளம்பாம போகலாம்.”

“நிறுத்துங்க.”

நிறுத்தாமல் போனால் அது தனிக் குற்றம் என்று அவனுக்குத் தெரியும். நடுவர்களுக்கு அதை எப்படி எடுத்துச் சொல்வான் என்பதும் தெரியும். பொத்தானை அழுத்தினான். எஞ்சின் அடங்கியது. கண்ணாடிகள் மடங்கிக்கொண்டன.

ஹேசல் லாயிட் பக்கம் திரும்பினாள். கையில் என்ன என்று கேட்டாள்.

“கேக் டப்பா.”

“உள்ள?”

“கேக் இல்ல.”

எட்மண்ட் காரைவிட்டு இறங்கினான். அது அந்தக் கருவிதான் என்றான். தெரிந்தே வைத்திருந்ததாகவும், அதற்குக் காரணம் இருப்பதாகவும் சொன்னான்.

“சொல்லுங்க.”

“சாவி பிரையனிகிட்ட இருக்கு.”

ஹேசல் அவனைப் பார்த்தாள். இறுதிச் சடங்கன்று தெருமுனையில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டவள் அவள். பார்வை மெல்ல மரச் சிலுவைக்குப் போனது.

“கோட்டுலயா?” என்றாள். “அந்தக் கோட்டுலயா?”

அதற்குள் ரோவீனா கையில் தோரணக் கொடிகளோடு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. “அதுக்குத்தான் தோண்டறதப் பத்திக் கேட்டீங்களா? நான் துண்டுப் பிரசுரம் குடுத்தேனே.” நல்ல பிரசுரம்தான் என்றான் எட்மண்ட்.

இதை எப்படி எழுதுவது என்று ஹேசல் வாய்விட்டே யோசித்தாள். இதுவரை கேட்ட காரணங்களிலேயே இதுதான் மோசமானது என்றாள். இட்டுக்கட்டுகிறவன் இதைவிட நன்றாக இட்டுக்கட்டுவான் என்பதுதான் அவளை இடித்தது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தன்னுடையது என்றான் எட்மண்ட். இன்னொரு முறை காரைத் திறந்து காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதையும் அவர்களே செய்தால் செல்லாது, சட்டைப்பைக்குள் சாவியை ஒளித்து வைத்திருக்கலாம் அல்லவா? இருவரும் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்கள். லாயிடின் பையிலிருந்து கொஞ்சம் ஐவி விழுந்தது. இருவரையும் குழாயடியில் தள்ளி நிற்கச் சொன்னாள் ஹேசல். டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டாள். மலர்வளையத்தை ரோவீனாவிடம் கொடுத்தாள்.

“இப்ப அது உங்க ரெண்டு பேருகிட்ட இருக்கு,” என்றான் லாயிட். “நியாயமான காரணம் ஏதாவது?”

“லாயிட், வாய மூடு.”

ஹேசல் ஒழுங்கானவள். முதலில் பக்கத்துக் கல்லறையில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். அது ஒரு கர்னலுடையது. ரோவீனா அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வளையத்தை வைத்தாள். கார் அசையவில்லை. பிறகு பிரையனிமேல் வைத்தாள்.

கார் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். எங்கோ ஒரு புறா கத்தியது. ஹேசலின் முகம் இறுகிக்கொண்டே போவதை எட்மண்ட் பார்த்தான். அவனுக்கு நாற்காலி ஞாபகம் வரவில்லை. பிரையனியின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தான். கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

“இடது பக்கம்,” என்றான். ரோவீனாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். “கொஞ்சம் கீழ, ரோவீனா. இடுப்புக்குக் கீழ. அந்தப் பை முதுகுப் பக்கம் இருக்கும். அவ அதுமேலதான் படுத்திருக்கா.”

ரோவீனா மண்ணில் மண்டியிட்டாள். வளையத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

“இங்கயா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இங்க?”

“அங்கதான்.”

இரண்டு கைகளாலும் வளையத்தை மண்ணோடு அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கார் காதுகளை விரித்தது. விளக்கு சிமிட்டியது, முன்பைவிட மெதுவாக. ஹேசல் டப்பாவை மடியில் வைத்தபடி சட்டென்று உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் ஒரு கணம் திணறிப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஜன்னல் திரை ஆடியது.

ஹேசல் தொப்பியைக் கழற்றினாள். எரிகிற மஞ்சள் எழுத்தைப் படித்தாள். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போங்க,” என்றாள். “எங்கயும் நிறுத்தாதீங்க.”

பெட்டிகள் என்ன ஆகும் என்று லாயிட் கேட்டான். ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகப்போவதாகச் சொன்னாள். யாரிடமிருந்து வந்தது என்று எழுத வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டான் அவன்.

“குருவானவர் கையிலேருந்து வாங்கினேன்னு எழுதிக்கிறேன். அது உண்மைதானே.”

மண் படிந்த முழங்கால்களோடு எழுந்துகொண்டிருந்த ரோவீனா, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

சட்பரிவரை எட்மண்ட் நிறுத்தவில்லை. சிவப்பு விளக்குகளில் வண்டி தானாக எஞ்சினை அணைத்துவிடும் வசதியை முதல் வேலையாக முடக்கியிருந்தான். இருந்தும் ஒவ்வொரு விளக்கிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். முழங்கால்கள் வலித்தன. வழியில் ஒரு இடத்தில் சாலை கலங்கித் தெரிந்தது. கண்ணாடித் துடைப்பானைப் போட்டான். மழை இல்லை.

சாவிக்காரர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார், இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், பார்க்காததுபோல் திருப்பிக் கொடுத்தார். தன் சிறிய திரையை வண்டியோடு இணைத்து, எதையெதையோ அழுத்தி, புதுச் சாவி ஒன்றை வண்டிக்கு அறிமுகம் செய்து வைத்தார். நிறுத்திப் பார்த்து, கிளப்பிப் பார்த்தார். கிளம்பியது.

“பழைய சாவிய வண்டியோட ஞாபகத்துலேருந்து அழிச்சிடட்டுமா?” என்றார். “தொலஞ்ச சாவின்னா எல்லாரும் அழிச்சிடுவாங்க. அதான் நல்லது.”

“தொலையல.”

“எங்க இருக்குன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப யோசிச்சுக்குங்க. யாராவது அத எடுத்துக்கிட்டு பக்கத்துல வந்தாங்கன்னா, வண்டி பாட்டுக்குத் திறந்துக்கும்.”

“திறக்கட்டும்,” என்றான் எட்மண்ட்.